பருவமில்லாத வீடு

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் முடியும்வரை என் வீட்டுக்கு எவரும் வரக்கூடாது. இதை நான் சொல்லவில்லை. இணையத்தில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். இலங்கைத் தீவுக்கு விடுமுறையைக் கழிக்க வருகிறவர்கள் அந்த ஐந்து மாதமும் மேற்குக் கரையைத் தவிர்த்துக் கிழக்குக் கரைக்குப் போக வேண்டுமாம். டிசம்பர் வந்ததும் கிழக்கைத் தவிர்த்து மேற்குக்கு வர வேண்டுமாம். ஆலங்குடா மேற்குக் கரையில் இருக்கிறது. என் வீடு ஆலங்குடாவில் இருக்கிறது. ஆகவே ஓகஸ்ட் மாதத்தில் என் வீடு தவிர்க்கப்பட வேண்டிய ஓர் இடம்.

இதை எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியவன் வேறு யாருமல்ல, என் ஒரே மகன்.

“வாப்பா, அந்த மாசம் அங்க சீசன் இல்லையாம்.”

“எங்க?”

“உங்கட பக்கம்.”

லண்டனுக்குப் போன பதினொரு வருடத்தில் என் வீடு ‘உங்கட பக்கம்’ ஆகிவிட்டது.

போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்திருந்தன. வீதிகள் திறந்துவிட்டன, வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது வந்து போகிறார்கள், நீ மட்டும் ஏன் வரவில்லை என்று என் மனைவி அவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் அங்கேயே மணம் முடித்தவன். இரண்டு பெண் பிள்ளைகள். அந்த இரண்டு பேரையும் அவள் கண்ணாடித் திரையில் பார்த்திருக்கிறாளே தவிரத் தொட்டதில்லை. அவளுடைய முழங்கால்கள் விமானப் படிகளில் ஏறக்கூடியவை அல்ல. அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அந்தப் பிள்ளைகள் இருவருக்கும் தன் கையால் ஒரு நோன்புப் பெருநாள் உடுப்புப் போட்டு விட வேண்டும், பெருநாளன்று விடிய எல்லோருமாக ஒரு பாயில் இருந்து சாப்பிட வேண்டும். இவ்வளவுதான்.

இது சின்ன ஆசை போலத் தெரியும். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. நான் முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவன். நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் பத்து அல்லது பதினொரு நாள் முன்னே நகரும். லண்டன் பள்ளிக்கூடங்களின் நீண்ட விடுமுறையோ நகராது. ஓகஸ்ட் மாதத்தில் ஆணி அடித்தது போல நிற்கும். நோன்புப் பெருநாளும் அந்த விடுமுறையும் ஒன்றோடொன்று சந்திப்பது சில ஆண்டுகளுக்கு மட்டும். அந்தச் சில ஆண்டுகள் அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்தன. அவை கடந்துவிட்டால் மறுபடி சந்திக்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். அப்போது என் மனைவிக்குத் தொண்ணூற்றெட்டு வயது. எனக்கு என்ன வயது என்பதைச் சொல்லி யாரையும் சிரிக்க வைக்க விரும்பவில்லை.

ஒரு தீவுக்கு எந்த மாதத்தில் வருவது நல்லது என்று என்னைக் கேட்டிருந்தால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். யார் கேட்டார்கள்?

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் முற்றத்தில் வாய் அகன்ற ஒரு ஜாம் போத்தலை வைத்து நான் மழையை அளந்து வருகிறேன். முந்திய ஆண்டு ஓகஸ்டில் இங்கே ஒரே ஒரு நாள்தான் மழை பெய்தது. அதுவும் காயப் போட்ட மிளகாயை என் மனைவி அள்ளி முடிப்பதற்குள் நின்றுவிட்டது. போத்தலின் அடி நனைந்ததா என்று விரலை விட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. கொழும்பிலும் காலி நகரிலும் அந்த மாதங்களில் மழை பெய்கிறது என்றால் பெய்துவிட்டுப் போகட்டும். அந்த மழைக்கு நாங்கள் ஏன் குடை பிடிக்க வேண்டும்? இங்கே பக்கத்தில் புத்தளத்தில் உப்பு விளைகிறது. மழை பெய்கிற ஊரில் உப்பு விளையுமா? இணையத்தில் எழுதியவருக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. மேற்கு என்றால் அவருக்கு எல்லாம் ஒரே மேற்கு.

இதையெல்லாம் மாதவாரியாகக் கணக்கெடுத்து மகனுக்குச் சொன்னேன். ஒரு தரம் அல்ல, நான்கு தரம் தொலைபேசியில் சொன்னேன். நான்காம் தரம் அவன் கேட்டான்:

“சரி வாப்பா, மழை இல்ல. காத்து?”

“காத்து அடிக்கும்தான். காத்து என்ன மழையா?”

“மண்ண அள்ளிக் கொட்டுமாமே.”

“ஆரு சொன்ன?”

“போட்டிரிக்கு வாப்பா.”

அந்த மாதங்களில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றை யாரும் இங்கே குறையாக எண்ணுவதில்லை. அது அடிக்கும்போது நுளம்புக் கடி இல்லை. துவைத்த துணி அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும், கொடியில் இருந்தால். உப்பளத்தில் வேலை நடக்கும். கழுதைகள்கூட அதற்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நிம்மதியாக நிற்கும். கழுதைக்கு விளங்கியது லண்டனுக்கு விளங்கவில்லை.

கடைசியில் என் மருமகள் தொலைபேசியை வாங்கிப் பேசினாள். மரியாதையான பிள்ளை. அங்கே பிறந்து வளர்ந்தவள் என்றாலும் தமிழ் நன்றாகக் கதைப்பாள். “மாமா, கோபிக்க வேணாம். புள்ளைகளுக்குக் கடல்ல குளிக்கணும். கிழக்கில எட்டு நாளைக்கு ஹோட்டல் எடுத்திரிக்கோம். முதல்ல உங்கட்ட வந்து பெருநாளைக்கு நிண்டுட்டுப் போறோம். திங்கள் பின்னேரம் வாறோம், வியாழன் பெருநாள், வெள்ளி விடிய வாகனம் வரும்.”

செவ்வாய், புதன், வியாழன். எட்டுக்கு மூன்று. பருவமுள்ள கரைக்கு எட்டு நாள், பெற்றவர்கள் வீட்டுக்கு மூன்று நாள்.

நான் என் மனைவியிடம் சொன்னேன். அவள், “மூணு நாளா!” என்று கையைத் தட்டினாள், யாரோ முப்பது நாள் தந்தது போல. அன்றே தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். அவளோடு ஆத்திரப்படவும் முடியாது.

வியாழன் பெருநாள் என்று அவர்கள் எப்படி அறிந்தார்கள் என்று கேட்டேன். மகன் சொன்னான், அவர்களுடைய பள்ளிவாசலில் வருடத் தொடக்கத்திலேயே நாள் குறித்துவிடுவார்களாம், கணக்கு வைத்து. எனக்குக் கணக்குப் பிடிக்கும். ஆனால் எங்கள் ஊரில் பெருநாளைக் கணக்கு வைத்து எடுப்பதில்லை. இருபத்தொன்பதாம் நோன்பு அன்று சூரியன் மறைந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு மேற்கே பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பதாம் நோன்பு, அதற்கு அடுத்த நாள்தான் பெருநாள். இதை இங்கே ஐந்து வயதுப் பிள்ளையும் அறியும். என் மகனும் ஒரு காலத்தில் பிறை பார்க்கக் கூரை மேல் ஏறி ஓடு உடைத்தவன்தான். அதை மறந்து, வாகனத்துக்கும் ஹோட்டலுக்கும் நாள் குறித்து, காசையும் கட்டிவிட்டான்.

“பிறை தெரியாட்டி?” என்று கேட்டேன்.

“தெரியும் வாப்பா, சும்மா இரிங்க,” என்றான்.

அவர்கள் வருவதற்கு முதல் வாரம் நான் கடற்கரைப் பக்கம் நடந்துபோய்ப் பார்த்தேன். பார்த்ததும் ஆத்திரம் இரட்டிப்பானது. கடலோரமாகக் கிடுகு வேய்ந்த கொட்டில்கள் வரிசையாக நின்றன. கபானா என்று பெயர். கதவில்லை, யன்னலுக்குக் கண்ணாடி இல்லை, நிலம் வெறும் மணல். அதில் படுக்க வெள்ளைக்காரன் டொலர் கொடுக்கிறான். தொண்ணூறாம் ஆண்டில், போர் நடுவே, மன்னாரிலிருந்து முஸ்லிம்களாகிய எங்களை வெளியேற்றியபோது, கடலால் வந்திறங்கி இந்த ஊரில் நாங்கள் இருந்ததும் இதே கிடுகுக் கொட்டில்தான். அதே அகலம், அதே உயரம். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அப்போது அதற்குப் பெயர் அகதி முகாம். எங்கள் கொட்டிலில் ஒன்பது பேர் இருந்தோம். நல்ல பருவமா, கெட்ட பருவமா என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. மாரி தொடங்கிய நேரத்தில் வந்தோம். ஐப்பசியும் கார்த்திகையும் இந்தக் கரைக்கு உண்மையாகவே கூடாத மாதங்கள். அதை எழுதுங்கள் இணையத்தில்.

கொட்டில்களின் முன்னால் ஓர் இளைஞன் சிலும்பலான தலைமயிரோடு நின்றான். இப்போது ஆட்கள் வருகிறார்களா என்று கேட்டேன்.

“என்ன சேர் இப்பிடிக் கேக்கிறிய? இப்பதானே சீசன். காத்தாடி பிடிச்சிக்கிட்டுப் பலகைல ஓடுறவங்களுக்கு இந்தக் காத்துத்தான் வேணும். எல்லாம் ஃபுல்.”

அப்படியென்றால் காற்றுக்காகவே உலகத்தின் மறு கோடியிலிருந்து வருகிறார்கள். என் மகன் காற்றுக்குப் பயந்து நாட்டின் மறு கரைக்குப் போகிறான்.

திங்கட்கிழமை பின்னேரம் வந்து இறங்கினார்கள். வாகனக் கதவைத் திறந்ததும் காற்று உள்ளே புகுந்து மருமகளின் தலைத்துணியைப் பிடுங்கி வேலிக்கு மேலால் கொண்டுபோனது. நான் அதைக் கவனிக்காதவன் போல இருந்தேன். பிள்ளைகள் இருவரும் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். என் மனைவி வாசலில் நின்று ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்து அழுதாள். பிள்ளைகள் திரும்பி வந்தபோது மூக்கு, காது, பல் எல்லாம் மணல். மூத்தவள் சொன்னாள்: “மூத்தவாப்பா, மண் கடிபடுது!”

“அது உப்பு மண். பல்லுக்கு நல்லது,” என்றேன்.

நோன்பு திறக்கும்போது கஞ்சியிலும் கடிபட்டது. மகன் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் பேரீச்சம்பழத்தைப் பார்த்தேன்.

ஆனால் என்னை உண்மையில் கொதிக்க வைத்தது மணல் அல்ல. மறுநாள் செவ்வாய்க்கிழமை நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வந்தேன். மகன் பயண அலுப்பில் பிந்தி எழும்பி முன் அறையில் தொழுதுகொண்டிருந்தான். லுஹர் நான்கு ரக்அத்; நின்று, குனிந்து, நெற்றி நிலத்தில் பட சுஜூது செய்தால் ஒரு ரக்அத். நான் எதையும் எண்ணுகிறவன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. ஒன்று, இரண்டு. இரண்டாவதில் உட்கார்ந்தான். வலப் பக்கம் சலாம் கொடுத்தான், இடப் பக்கம் சலாம் கொடுத்தான், முசல்லாப் பாயை மடித்தான். முடிந்துவிட்டது.

பயணிக்கு மார்க்கம் தந்த சலுகை அது. தூரப் பயணம் வந்தவன் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். வழியில் தங்குமிடத்தில் தொழலாம், புகையிரத நிலையத்தில் தொழலாம். என் மகன் என் வீட்டில், என் முசல்லாவில், பயணியாகத் தொழுதான்.

“என்ன, ரெண்டோட எழும்பிட்டா?”

“கஸர் வாப்பா. நான் பிரயாணிதானே.”

“ஆரு பிரயாணி? இது உன்ட வீடு.”

“மூணு நாளைக்குத்தானே வந்திரிக்கன். அதான் சட்டம்.”

 நேரே பள்ளிக்குத் திரும்பிப் போய் மௌலவியைப் பிடித்தேன். என்னைவிட முப்பது வயது இளையவர், என்னிடம் பின்னம் படித்தவர். அப்போது பின்னத்தில் திணறியவர். இப்போது எனக்குப் பதில் சொல்லும்போது திணறவில்லை.

“மாஸ்டர், தம்பி செஞ்சது சரி. ஒரு இடத்தில நாலு முழு நாள் தங்கிறதா நிய்யத்து வெச்சாத்தான் ஊர்க்காரன். வந்த நாளும் போற நாளும் கணக்கில்ல. உங்கட மகனுக்கு நடுவில எத்தின நாள்?”

“மூணு.”

“அப்ப அவர் விருந்தாளி.”

“வாப்பாட வீட்டில விருந்தாளியா?”

“மாஸ்டர், நீங்க இங்க முகாமுக்கு வந்த நேரம் எப்பிடித் தொழுத?”

இந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை. வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் சுருக்கித்தான் தொழுதோம். அடுத்த கிழமை திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்திருந்தோம். இன்று போகலாம், நாளை போகலாம் என்று காத்திருப்பவனுக்குப் பதினெட்டு நாள்வரை அந்தச் சலுகை உண்டு. நான் பதினெட்டு நாளையும் எண்ணினேன். பத்தொன்பதாம் நாள் கிடுகுக் கொட்டிலுக்குள் லுஹரை நான்காகத் தொழுதேன். மூன்றாவது ரக்அத்துக்காக எழும்பியபோது, இனி இங்கேதான் என்பது விளங்கியது. அதைப் பற்றி நான் அன்றும் யாரோடும் கதைக்கவில்லை, மௌலவியோடும் கதைக்க விரும்பவில்லை. “சரி, நான் வாறன்,” என்று வந்துவிட்டேன்.

புதன்கிழமை இருபத்தொன்பதாம் நோன்பு. மஃரிப் முடிந்து பாதி ஊர் மேற்குப் பக்கமாக நின்றது. காற்று அள்ளிக் கொண்டுவந்த தூசும் புழுதியுமாகக் கடலுக்கு மேலே வானம் மங்கிக் கிடந்தது. ஒன்றும் தெரியவில்லை. வேறெங்காவது தெரிந்திருக்குமோ என்று வானொலியைச் சுற்றி உட்கார்ந்தோம். இரவு இஷா நேரம் கடந்த பிறகு அறிவித்தார்கள்: நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை. வியாழன் முப்பதாம் நோன்பு. வெள்ளிக்கிழமை பெருநாள்.

 வெள்ளி விடியத்தான் வாகனம் வருகிறது.

மகன் உடனே கிழக்குக் கரை ஹோட்டலுக்கு அழைத்தான். ஆங்கிலத்தில் பேசினான், பிறகு சிங்களத்தில் பேசினான், கடைசியாகத் தமிழில் கெஞ்சினான். ஒரு மொழியும் பலிக்கவில்லை. கிழக்கில் அது உச்சப் பருவமாம். முதல் நாள் வராவிட்டால் அறைகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம், கட்டிய காசும் போய்விடுமாம்.

“வானத்துக்குத் தெரியுமா உன்ட ஹோட்டல்காரன?” என்றேன்.

“வாப்பா, ப்ளீஸ்.”

“நான் கேட்ட நேரம் சும்மா இரிங்க எண்டு சொன்னா. இப்பயும் சும்மாதான் இரிக்கன்.”

என் மனைவி குறுக்கே வந்தாள். “இஞ்ச பாருங்க, அவனப் புடுங்காதீங்க. புள்ளைகள் கடலுக்கு ஆசப்பட்டு வந்திரிக்கிதுகள். நான் நாளைக்கே வட்டிலப்பம் அவிச்சுக் கட்டித் தாறன். வழியில பெருநாள் எடுங்க. உடுப்ப வாகனத்திலேயே போட்டு விடுங்க.”

அவள் குத்திக் கதைக்கவில்லை. மனப்பூர்வமாகச் சொன்னாள். அதனால்தான் அது கேட்க முடியாததாக இருந்தது. மருமகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வியாழன் காலை. பிள்ளைகள் கடலைப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்ததால் மகனும் நானும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனோம். அலை கரையில் வந்து அறைந்துகொண்டிருந்தது, குளிக்க முடியாது. ஆனால் வானம் முழுவதும் பட்டங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெள்ளைக்காரனோ வெள்ளைக்காரியோ பலகையில் நின்று அலை மேலே பறந்தார்கள். நான் எண்ணினேன். முப்பத்தெட்டு. பிள்ளைகளும் எண்ணினார்கள், நாற்பது என்றார்கள். இரண்டு பட்டங்கள் கடற்கரையில் விழுந்து கிடந்ததைச் சேர்த்துவிட்டார்கள்.

“பார்,” என்றேன் மகனிடம். “சீசன் இல்லாத ஊருக்கு முப்பத்தெட்டுப் பேர் வந்திரிக்கான்.”

அவன் சிரிக்கவில்லை. காற்றில் கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது. அவன் கத்தினான்.

“வாப்பா, நான் எந்த மாசம் வந்தாலும் உங்களுக்குச் சரி வராது. டிசம்பர்ல வந்தா மழை எண்டு ஏசுவீங்க, ஏப்ரல்ல வந்தா வெக்கை எண்டு ஏசுவீங்க. ஓகஸ்ட்ல வந்தா எத்தின நாள் எண்டு ஏசுறீங்க.”

“நான் ஏசினனா? உள்ள கணக்கச் சொன்னன்.”

“ஓம், கணக்குத்தான் சொன்ன நீங்க. நாலு தரம் போன் எடுத்து மழைக் கணக்குச் சொன்ன நீங்க. ஒரு தரமாவது ‘வா மகன்’ எண்டு சொன்னீங்களா?”

இது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. மழை இல்லை என்று ஒரு தகப்பன் நாலு தரம் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? வேறு எதற்காக நான் போத்தலில் விரலை விட்டுப் பார்க்கிறேன்? பக்கத்து வீட்டுக்காரனுக்கா மழை அளக்கிறேன்? இதை அவனிடம் சொல்ல வாயைத் திறந்தேன். காற்று வாய் நிறைய மணலைப் போட்டது. துப்பி முடிப்பதற்குள் அவன் பிள்ளைகளை நோக்கி நடந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தபோது பத்து மணி இருக்கும். தொலைபேசி அடித்தது. மகன் குளியலறையில் இருந்தான், நான் எடுத்தேன். வாகனக்காரன். மதுரங்குளியிலிருந்து பேசினான்.

“சேர், உங்கட மகன் நானாட்டச் சொல்லுங்க, நாளைக்கு எனக்கு வர ஏலா. பெருநாள் வெள்ளிக்கிழமையாப் போச்சே. நான் வியாழன் எண்டு நெனச்சித்தானே வெள்ளி ஓட்டம் எடுத்த. பெருநாளும் அதுவுமா வீட்ட உட்டுட்டு வந்தா உம்மா என்னைய உள்ள எடுக்க மாட்டா.”

“அப்ப வாகனம்?”

“என்ட கூட்டாளி ஒருத்தன் ஈக்கான். சிலாபத்துப் பொடியன். அவனுக்குப் பெருநாள் இல்லத்தானே. அவன் ஆறு மணிக்கு வருவான்.”

மகன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது சொன்னேன்.

“வாகனம் ஆறு மணிக்கு வருமாம். ஆனா வேற ஆள் வருவான்.”

“ஏன், அந்த ஆளுக்கு என்ன?”

“நாளைக்குப் பெருநாளாம். உம்மாவோட இரிக்கப் போறானாம்.”

இதற்கு மேல் நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சேர்க்க எனக்கு நிறையவே இருந்தது. மகன் துவாயைத் தோளில் போட்டபடி நின்றான். மருமகள் பெட்டியில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் புரியாத வேகத்தில் ஆங்கிலத்தில் ஏதோ பேசினார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும். அவர்கள் பேசுவது நான் படித்த ஆங்கிலம் அல்ல. நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டேன். என் வீட்டில் என்ன முடிவெடுக்கிறார்கள் என்று நான் ஒட்டுக் கேட்க மாட்டேன்.

குசினியில் வேகும் வட்டிலப்பத்திலிருந்து ஏலக்காயும் கருப்பட்டியும் மணத்தன. நோன்பு வயிற்றோடு அந்த மணத்தைத் தாங்குவதே ஒரு வணக்கம். என் மனைவி பயணத்துக்காகச் சிறு சிறு டப்பாக்களை எடுத்துக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் பிள்ளைகளின் பெருநாள் உடுப்பு இரண்டும் மடித்து ஒரு பையில் இருந்தன. அவற்றைப் பார்த்ததும் எனக்கு இணையத்தில் எழுதியவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எந்த மாதத்தில் எந்தக் கரையில் எவ்வளவு வெயில் என்று எழுதத் தெரிந்த ஆளுக்கு, ஒரு மாதத்தில் ஒரு வீட்டில் என்ன மணக்கும் என்று எழுதத் தெரியவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனேன். தொழுகை முடிந்து மௌலவி, “மாஸ்டர், மகன் நாளைக்குப் பெருநாள் தொழுகைக்கு வருவாரா?” என்று கேட்டார். “பிரயாணிகளப் பத்தி எனக்குத் தெரியாது,” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது முன் அறையில் மகன் தொழுதுகொண்டிருப்பது தெரிந்தது. அஸரும் நான்கு ரக்அத், பயணிக்கு இரண்டு. நான் தூண் ஓரமாக நின்றேன். வேண்டுமென்று நிற்கவில்லை, தொழுகிறவனுக்குக் குறுக்கே போகக்கூடாது. முதலாவது முடிந்தது. இரண்டாவதில் உட்கார்ந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த இரண்டு சலாமையும் மறுபடி பார்க்க எனக்கு விருப்பமில்லை.

சலாம் கேட்கவில்லை. பாய் உரசும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவன் எழும்பி நின்றான்.

மூன்றாவது ரக்அத்.  மறதியாக இருக்கலாம் என்றும் நினைத்தேன். பயண அலுப்பு, நோன்பு வேறு. குனிந்தான், நிமிர்ந்தான், சுஜூது செய்தான். மறுபடி எழும்பினான். நான்காவது.

மூளை தானாகவே கணக்குப் போட்டது. பெருநாளுக்கு மட்டும் ஒரு நாள் பிந்திப் போவதாக இருந்தால் அவன் இன்னும் பயணிதான், இரண்டுதான் தொழுவான். நான்காகத் தொழ வேண்டுமானால் இன்றிலிருந்து குறைந்தது நான்கு முழு நாள் இங்கே இருக்க நினைத்திருக்க வேண்டும். இடையில் நினைப்பை மாற்றியவனுக்குக் கழிந்த நாள்கள் சேராது, மாற்றிய நேரத்திலிருந்துதான் எண்ண வேண்டும்; போகிற நாளும் கணக்கில் இல்லை. சட்டம் அவனுக்கு நன்றாகத் தெரியும், செவ்வாய்க்கிழமை எனக்கே சொன்னவன்.

அவன் சலாம் கொடுப்பதற்கு முன் நான் பின்பக்கமாகச் சுற்றிக் குசினிக்குப் போனேன். என் மனைவி முதல் டப்பாவுக்கு மூடி போட்டு, காற்றுக்கு மணல் புகாமல் அதன்மேல் ஈரத் துணி சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“கட்டாத,” என்றேன். “அவிழ். பெரிய தட்டில எடுத்து வை.”

“ஏன்? ஆரு சொன்ன?”

“ஆரும் சொல்லல்ல.”

“அப்ப?”

“எண்ணினன்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “உங்கட எண்ணலை நம்பி ஒரு ஓகஸ்ட்டையே அந்தப் புள்ளைகளுக்கு மண்ணாக்கிட்டீங்க. இன்னும் எண்ணுறீங்களா?” என்றாள். ஆனாலும் முடிச்சில் கை வைத்தாள். நனைந்த துணி இறுகியிருந்தது. அவளால் அவிழ்க்க முடியவில்லை. நான் பல்லால் கடித்து அவிழ்த்தேன், நோன்பு முறியாமல், நாக்கில் படாமல், மிகவும் கவனமாக. முடிச்சிலும் மணல் இருந்தது.